பத்தாவது டம்ளர்

சுகுணாவின் எடை ஏறுவதற்குக் காரணம் காபிதான் என்று கண்டுபிடித்தவள் நான். பெரிய கண்டுபிடிப்பு! நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தேன்.

நான் மணிமேகலை. அதியமான்கோட்டையைச் சுற்றியிருக்கும் சில ஊர்களுக்கு நர்ஸ். சுகுணா என்னோடு வேலை செய்பவள். தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். பிரஷர் பார்ப்பாள், விரலில் குத்தி சுகர் பார்ப்பாள், மாத்திரை கொடுப்பாள். அவள் கணவன் முருகேஷுக்கு பெங்களூரில் கட்டட வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவான். காலனியில் அவள்தான் பன்னிரண்டாவது முடித்த முதல் பெண். ஊரில் அவள் எடை பார்க்காத ஆள் கிடையாது, ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு தன் எடையை மட்டும் பார்த்ததே இல்லை.

முழங்கால் வலிக்கிறது என்று ஒருநாள் வந்து நின்றாள். மிஷின்மேல் ஏறு என்றேன். எழுபத்துமூன்று கிலோ. வேலையில் சேர்ந்தபோது அறுபத்தொன்று.

"என்னடி தின்ற?"

"காலைல களி, ராத்திரி ரெண்டு தோசைக்கா. மத்தியானம் சில நாள் அதுவும் இல்ல."

பொய் சொல்கிற ஆள் இல்லை அவள். நான் துருவித் துருவிக் கேட்டதில் வெளியே வந்தது காபி. போகிற வீட்டிலெல்லாம் ஒரு டம்ளர். ஒரு நாளைக்கு ஒன்பது! கறந்த பால், டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் சர்க்கரை மட்டும் ரெண்டரைக் கிலோவுக்கு மேல் வந்தது. ரேஷனில் ஒரு குடும்பத்துக்கே ரெண்டு கிலோதான்.

"காபித்தூள் யாரையும் குண்டாக்காது. அதுல கொட்டுற சர்க்கரையும் பாலும்தான் உன்னைக் கொல்லுது. வேணாம்னு சொல்ல வாயில்லையா உனக்கு?"

"எப்படிக்கா வேணாங்கறது? குடுக்கறாங்களே."

"குடுத்தா? வாயைக் கட்டத் துப்பில்ல, அதைச் சொல்லு!"

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. அவள் மிஷினைவிட்டு இறங்கி செருப்பை மாட்டினாள். உடனே போகவில்லை. அம்மாவைப் பற்றிச் சொன்னாள்.

அவள் அம்மா தங்கம்மாள் முப்பது வருடம் சென்னம்மாள் வீட்டு நிலத்தில் களை வெட்டியவள். சென்னம்மாள் வீட்டார் எங்கள் ஆட்கள், எனக்குத் தூரத்து உறவும்கூட. அந்த வீட்டில் அந்தக் காலத்திலேயே ஏற்காட்டிலிருந்து காபிக்கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுத்து அரைப்பார்கள். வறுக்கிற வாசனை கொல்லைக் காடு வரைக்கும் வரும். வேலை செய்கிறவர்களுக்கு வரப்பில் வைத்து கொட்டாங்குச்சியில் ஊற்றுவார்கள். அது வடிகட்டிய சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டது.

"அம்மா சாகறவரைக்கும் அந்த வாசனையத்தான் சொல்லுவா. அந்த வூட்டு டம்ளர்ல ஒருக்கா குடிக்கணும்னு அவளுக்கு அவ்ளோ ஆச. இப்ப எனக்கு எல்லா வூட்லயும் டம்ளர்ல குடுக்கறாங்க. குடுக்கறப்ப வேணாங்க எனக்கு மனசே வர்ல. சென்னம்மா ஆயா வூடு ஒண்ணுதான் பாக்கி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதத்தின் முதல் வியாழக்கிழமை அந்த வீட்டுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் போவோம். எனக்கு எவர்சில்வர் டம்ளரில் நுரை ததும்பக் காபி வரும். சுகுணாவுக்கு பாக்கெட் மாம்பழ ஜூஸ் வரும். 'அவளுக்கு ஜூஸுன்னா புடிக்கும்' என்பார் சென்னம்மாள். நானும் நம்பினேன். 'உனக்கு மட்டும் ஜூஸா, பெரிய ஆளுதான் போ!' என்று கேலிகூடச் செய்திருக்கிறேன். மூன்று வருடமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் அந்தக் காபியைக் குடித்திருக்கிறேன், என் மரமண்டைக்கு எட்டவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"எல்லா வூட்லயும் நிறுத்திடறேன். அந்த ஒரு வூட்டுக்கு மட்டும் வுட்டுடுங்கக்கா" என்றாள். "நீங்க கேட்டு வாங்கிக் குடுத்துடாதீங்க. அவங்களா குடுக்கணும்."

சரி என்றேன்.

சொன்னபடி நிறுத்தினாள். சும்மா நிறுத்தவில்லை, "வெந்நி குடுங்க, டம்ளர்ல" என்று கேட்டு வாங்கிக் குடித்தாள். ராஜாமணி வீட்டில் கோபித்துக்கொண்டார்கள். அமுதவல்லி, 'எங்க வூட்டுப் பால் புடிக்கலையா?' என்று இரண்டு வாரம் முகம் கொடுக்கவில்லை. 'நர்சம்மா சொல்லிட்டாங்க, காபியே ஆகாதாம்' என்று எல்லாரிடமும் என் பெயரைச் சொல்லித் தப்பித்தாள். நாலு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தது. முழங்கால் வலியும் விட்டது. எனக்கு ஒரே பெருமை.

ஐந்தாவது மாதம், முதல் வியாழன். சென்னம்மாள் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். சுகுணா அந்தக் கையைத் தன் மடியில் வைத்து, விரலைத் துடைத்துக் குத்தி ரத்தம் எடுத்தாள்.

"இவ குத்துனா வலியே தெரியாது கண்ணு. உன்னையவிட இவதான் கெட்டி" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். உண்மையாகத்தான் சொன்னார். சுகுணாவின்மேல் அவருக்குப் பிரியம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

பிறகு மருமகள் காபி கொண்டுவந்தாள். ஒரு டம்ளர்.

என் பாழாய்ப்போன வாய் சும்மா இருந்ததா? "சுகுணாவுக்கும் ஒரு டம்ளர் குடுங்க ஆயா" என்றேன்.

சுகுணா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

சென்னம்மாள் கொஞ்சமும் தடுமாறவில்லை. "அவதான் காபிய உட்டுட்டாளே! ஊரே சொல்லுது. நீதான் ஆகாதுன்னு சொன்னியாமே. நல்லதுதான் சொல்லியிருக்க. உட்டவளுக்கு எதுக்கு ஆசை காட்டணும்? ஏம்மா, அந்த ஜூஸ எடுத்தா."

அந்த ஜூஸில் இரண்டு டம்ளர் காபியின் சர்க்கரை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நான் வாயைத் திறந்ததே போதும்.

"ஆமாங்க ஆயா, உட்டுட்டேன்" என்று சுகுணா பாக்கெட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

இத்தனை வருடம் அந்த வீட்டில் ஜூஸ் பிடிக்கும் என்ற சாக்கைத் தவிர, காபி கொடுக்காததற்குச் சொல்ல ஒரு காரணம் இல்லாமல் இருந்தது. ஒருவேளை என்றைக்காவது ஒருநாள் அவர்களாகவே கொடுத்திருப்பார்களோ என்னவோ. இனி அதற்கும் வழியில்லை. காரணத்தை நானே கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டேன்.

என் டம்ளர் முன்னால் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை. "எனக்கும் சுகர் எட்டிப் பாக்குது ஆயா, வேணாம்" என்றேன். பொய். உண்மைக் காரணத்தைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, இன்றைக்கும் இல்லை. டம்ளர் எங்கள் இருவருக்கும் நடுவில் ஆவி பறக்க இருந்தது. சுகுணா சுகர் அளவை நோட்டில் எழுதினாள், மாத்திரைகளை எண்ணி வைத்தாள். எதற்கும் அவசரப்படவில்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பும்போது, "தப்புப் பண்ணிட்டேன்டி. மன்னிச்சுக்க" என்றேன். அழுகை வந்துவிட்டது எனக்கு.

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுங்கக்கா" என்றாள். கொஞ்ச தூரம் போனபிறகு, காதருகில் குனிந்து கேட்டாள். "நீங்க எதுக்குக் குடிக்காம வந்தீங்க? அம்மா சொன்னது நெசந்தான்க்கா. என்னா வாசன!"