உள்ளேயிருந்து திறக்கும் தாழ்

"பூனையைக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் பூட்டுக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கருவிப்பெட்டி திறக்கப்படாமல் மடியில் இருந்தது. அறைக்கதவின் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடச் சொல்லி அவரை அழைத்து வந்த வீட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூனை தூங்க விடாமல் படுத்துகிறது, அதை அந்த அறையில் அடைக்க வேண்டும், அவ்வளவுதானே?

"அது எங்கேயோ ஊர் சுத்தப் போயிருக்கு. வந்ததும் காட்டறேன். நீங்க வேலையைப் பாருங்க."

"வரட்டும் சார். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

வீட்டுக்காரர் அடுத்த தெருவரை போய்த் தேடிவிட்டு வந்தார். அவர் மனைவி பின்வாசலில் நின்று கிண்ணத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். ஒருவழியாக அந்தச் சாம்பல் நிறத் தடியன் மதில்மேலிருந்து குதித்து வந்து, எல்லாரையும் அலட்சியமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, கருவிப்பெட்டியை முகர்ந்தது. "சரி, ஆளு நிஜம்தான்" என்று சொல்லி எழுந்தார் பூட்டுக்காரர். வேலையை முடித்தபின், வீட்டுக்காரரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்தபோது, குரலைத் தாழ்த்தி, "பூனைக்குத்தானேம்மா?" என்று இன்னொரு தடவை கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் தண்ணீரைக் குடித்தார்.

வேலைக்குக் கூப்பிட்டால் விசாரணைக் கமிஷன் வைக்கிறார் என்று அவரைப் பற்றிப் பேச்சு உண்டு. அதில் பொய் இல்லை. எந்த அறைக்கும் வெளியே தாழ் போடச் சொன்னால், உள்ளே யார் இருக்கப்போகிறார்கள் என்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். வாசற்கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டினால், வீட்டில் உள்ள அத்தனை பேரும் வரிசையாக வந்து உள்ளிருந்து பூட்டித் திறந்து காட்ட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விலக்கு கிடையாது, மூட்டுவலிக்காரருக்கும் கிடையாது. முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் திறந்து காட்டுகிறார்கள்.

ஆள் ஒல்லி. மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுக்குக் கம்பி இல்லை, நூல்தான். சட்டைப்பையில் எப்போதும் பென்சில் துண்டுகள் நாலைந்து இருக்கும். எழுதுவதற்கு அல்ல. இறுகிப்போன பூட்டின் துவாரத்தில் பென்சில் கரியைச் சுரண்டிப் போட்டால் சாவி வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து பிசுபிசுத்துப்போகும் என்பது அவர் கட்சி. வேலை செய்யும்போது பூட்டோடு பேசுவார். முரண்டு பிடிக்கும் பூட்டு அவருக்கு மாப்பிள்ளை. "என்ன மாப்ள, ரொம்பத்தான் முறுக்கிக்கிற? இறங்கி வா" என்பார். மாப்பிள்ளையும் இறங்கி வந்துவிடுவார்.

இனி சொல்லப்போவதை நம்புவதற்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இவர் பயந்தாங்கொள்ளி. தெருவைக் கடக்க இன்னொருவர் துணை வரும்வரை நிற்பார். நாய் குரைத்தால் அந்த வீட்டு வேலையே வேண்டாம் என்று திரும்பிவிடுவார். யாராவது குரலை உயர்த்தினால், நியாயம் தன் பக்கம் இருந்தாலும், "சரிங்க, சரிங்க" என்று பின்வாங்கிவிடுவார். சண்டை நடக்கிற பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர்.

இந்த விசாரணை வழக்கம் வருவதற்கு முன்பு அவருடைய கடை ஒரு மாடிவீட்டின் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடம். கீழே தெருவைப் பார்த்த பெரிய கடை கட்டட முதலாளியுடையது. மூக்குக்கண்ணாடிக் கடை. மாடியில் அவர் வீடு. முதலாளி பேசினால் தேன் ஒழுகும். பூட்டுக்காரருக்குத் தினமும் தேநீர் வாங்கி அனுப்புவார். ஒருநாள் மத்தியானம் அவரே இறங்கி வந்து, "என் வீட்டுக்காரிக்குத் தூக்கத்துல நடக்கிற வியாதி. படியில விழுந்து தொலைப்பாளோன்னு பயமா இருக்கு. உள் அறைக்கு வெளியில ஒரு தாழ் போட்டுக் குடுங்க" என்றார். பொண்டாட்டிமேல் எவ்வளவு அக்கறை என்று பூட்டுக்காரர் நெகிழ்ந்தே போனார்.

தேக்குக்கதவு. நல்ல கனமான தாழாகத் தேர்ந்தெடுத்து, நீளமான திருகாணிகளாகப் போட்டு முடுக்கினார். முதலாளி அடுத்த அறையில் யாருடனோ தொலைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். முதலாளியின் மனைவி அருகில் வந்து நின்றாள். முந்தானையை முழங்கை வரை இழுத்துக் கையை மூடியிருந்தாள்.

"அண்ணா, இது உள்ளேயிருந்து திறக்குமா?"

தொழில் தெரிந்தவருக்கு இதைவிடச் சுலபமான கேள்வி உண்டா? வேலையின் தரத்தில் சந்தேகப்படுகிறாள் என்றே அவர் எடுத்துக்கொண்டார். தாழை இழுத்துப் போட்டு, கதவை ஆட்டிக்காட்டி, பெருமையாகச் சொன்னார்: "திறக்கவே திறக்காதும்மா. ஆனையே வந்து இடிச்சாலும் அசையாது. கவலையே படாதீங்க."

அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மேலேயிருந்து சத்தம் வரத் தொடங்கியது. அதற்கு முன்னும் வந்திருக்கும், அவர் காது கொடுக்கவில்லை. ஏதோ விழும், ஒரு குரல் எழும்பிப் பாதியில் நிற்கும், பிறகு தாழ் விழும். தான் போட்ட தாழின் ஓசை அவருக்குப் பெற்ற பிள்ளையின் இருமல் மாதிரி, எந்தச் சந்தடியிலும் தெரியும். எதிர்வரிசை முடிதிருத்துபவருக்கும் சத்தம் கேட்டது. பக்கத்துப் பழச்சாறு கடை அம்மாவுக்கும் கேட்டது. "அவங்க குடும்ப விஷயம், நமக்கெதுக்கு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

பூட்டுக்காரர் வேறொரு வழி கண்டுபிடித்தார். சாவி வெட்டும் மெஷினைப் போட்டுவிடுவார். அது இரும்பைக் கடிக்கும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. மேலே சத்தம் வந்தால் கீழே மெஷின் ஓடும். வெட்டச் சொல்லி ஆள் இல்லாவிட்டாலும் ஓடும். எந்தக் கதவையும் திறக்காத சாவிகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்ந்துகொண்டே போயின.

சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி ஒருநாள் அந்த டப்பாவைத் திறந்துவிட்டாள்.

"யாருங்க கேட்டாங்க இவ்வளவு சாவி?"

"சும்மா, கை பழகறதுக்கு."

"இத்தனை காலமாப் பழகாத கையா?"

அந்த நேரம் பார்த்து மேலே ஏதோ உருண்டது. அவர் கை தானாக மெஷின் பொத்தானுக்குப் போயிற்று. மனைவியின் கை அதன்மேல் வந்து அழுத்திக்கொண்டது. இரண்டு பேரும் முதன்முறையாக முழுவதையும் கேட்டார்கள். கடைசியில் தாழ் விழும் ஓசையும் கேட்டது. அது என்ன சத்தம் என்று அவள் கேட்டாள். அவர் சொன்னார். அந்தப் பெண் கேட்ட கேள்வியைச் சொன்னார். தான் சொன்ன பதிலையும் சொன்னார். சொல்லும்போதுதான் அந்தக் கேள்வி என்னவென்று அவருக்கே புரிந்தது.

மனைவி சாப்பாட்டு அடுக்கை மெதுவாக மூடினாள். "போட்டது நீங்கதானே" என்றாள்.

தெருவைக் கடக்கத் துணை தேடும் அந்த மனிதர் கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு தனியாக மாடிக்குப் போனார். நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது. எப்படி ஏறினீர்கள் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்: "நான் எங்கங்க ஏறினேன்? கால் பாட்டுக்கு ஏறிப் போச்சு. நான் அது பின்னாடியே போனேன்."

கதவைத் திறந்த முதலாளி சட்டை கசங்காமல் நின்றார். புன்னகைகூட இருந்தது.

"நான் போட்ட தாழ்ல ஒரு கோளாறு சார். சரி பண்ண வந்தேன்."

"கோளாறா? நல்லாத்தானே இருக்கு?"

"இல்ல சார். உள்ளேயிருந்து திறக்க மாட்டேங்குது."

விளையாட்டு என்று நினைத்து முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பூட்டுக்காரர் உள் அறைக்குப் போய்த் தாழை நீக்கிவிட்டார். அந்தப் பெண் சுவரோரம் உட்கார்ந்து ஈரத்துணியால் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தாள். அவர் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தார். திருப்புளி திரும்பத் திரும்ப வழுக்கி, பளபளவென்றிருந்த தேக்கில் கோடு கோடாக இழுத்தது. தொழிலில் அப்படி ஒரு அலங்கோலத்தை அவர் செய்ததே இல்லை.

"நீங்க இருக்கிற கடை யாரோடதுன்னு ஞாபகம் இருக்கா?" முதலாளியின் குரலில் தேன் இன்னும் வற்றவில்லை.

"இருக்கு சார்."

"இது எங்க குடும்ப விஷயம்."

"கதவு என் வேலை சார்."

முதலாளி அவர் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தார். பென்சில் துண்டுகள் தரையெல்லாம் சிதறின. பூட்டுக்காரர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் திருகாணியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அப்போது படிக்கட்டில் காலடிகள் கேட்டன. முன்னால் பூட்டுக்காரரின் மனைவி. பின்னால் ஈரக்கையோடு பழச்சாறு கடை அம்மா, சீப்போடு முடிதிருத்துபவர், அவருக்குப் பின்னால் முகத்தில் பாதி நுரையோடு அவருடைய வாடிக்கையாளர். இத்தனை நாளும் காதைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். முதலாளியின் கை சட்டையிலிருந்து தானாக இறங்கியது.

தாழ் கையோடு வந்துவிட்டது. அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, அறையை நோக்கி முதல் தடவையாகப் பேசினார்: "எங்கம்மா போகணும்? இல்ல, இங்கேயே இருக்கணுமா? நீங்க சொல்றதுதான்."

அவள் எழுந்து நின்றாள். "அக்கா வீட்டுக்கு" என்றாள். கொஞ்சம் தயங்கி, "செருப்பைக் காணோம். ஒளிச்சு வெச்சிருக்காரு" என்றாள்.

பூட்டுக்காரரின் மனைவி தன் செருப்பைக் கழற்றி அவள் காலடியில் வைத்தாள்.

அந்தப் பெண் புகார் கொடுத்த காவல் நிலையத்தில், கேட்பதற்கு முன்பே பூட்டுக்காரர் சொன்னார்: "அந்தத் தாழைப் போட்டது நான்தாங்க. திறக்காதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னதும் நான்தான். ரெண்டையும் எழுதிக்குங்க." கடை கைவிட்டுப் போயிற்று. இப்போது ஒரு தள்ளுவண்டி, தெருமுனையில், வெயில் வந்தால் குடை. மெஷின் வண்டியிலேயே இருக்கிறது. ஆள் வந்து எதிரில் நின்றால்தான் ஓடும். நாய் குரைத்தால் இன்றைக்கும் திரும்பிவிடுகிறார். பயம் போகவில்லையா என்றால், "அது எங்க போகும்? நான் படி ஏறினா அதுவும் கூடவே ஏறி வருது" என்கிறார்.

அந்தப் பெண் இப்போது ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறாள். அக்கா வீட்டை விட்டுத் தனியாக மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறாள். போன வாரம் பூட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினாள். கதவின் உட்பக்கம் ஒரு தாழ் வேண்டும். அவர் இருப்பதிலேயே கனமானதைக் கொண்டுபோய் மாட்டினார். பென்சில் கரி சுரண்டிப் போட்டார். பிறகு வழக்கப்படி வெளியே வந்து நின்று, "பூட்டிக்கிட்டுத் திறந்து காட்டுங்கம்மா" என்றார்.

அவள் கதவைச் சாத்தினாள். தாழ் விழுந்தது. அவர் தோளைக் கொடுத்து ஒரு மோது மோதிப் பார்த்தார். அசையவில்லை.

உள்ளிருந்து குரல் வந்தது. "அண்ணா, இது வெளியிலேயிருந்து திறக்குமா?"

அவர் கதவுக்கு அருகில் வாயைக் கொண்டுபோனார். "திறக்கவே திறக்காதும்மா. நீங்க திறந்தாத்தான்."

கதவு திறக்கவில்லை. தாழ் எடுக்கும் ஓசை கேட்டது, பிறகு விழும் ஓசை. மறுபடி எடுக்கும் ஓசை, மறுபடி விழும் ஓசை. கீழே நிறுத்தியிருந்த தள்ளுவண்டிக்கருகில் யாரோ மணி அடித்துக் கூப்பிட்டார்கள். தட்டுவதற்காக அவர் கை கதவு வரை போயிற்று. தட்டாமலே அதைக் கீழே இறக்கினார். கருவிப்பெட்டியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, கதவுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.