முந்திக்கொள்ளும் விரல்

ஜெராக்ஸ் மெஷின் மேல் ஒரு கை, போன் மேல் ஒரு கை, காது மட்டும் வாடிக்கையாளர் பக்கம். ஏற்காடு பஸ் நிலையத்தை ஒட்டிய அந்தக் கடையில் ஷெர்லின் உட்கார்ந்து பார்த்தவர் கிடையாது. நாற்காலி ஒன்று இருக்கிறது. அதில் காகிதக் கட்டு உட்கார்ந்திருக்கிறது.

போனில் மணி அடித்தால் போதும், "ஒரு நிமிசமுங்க" என்பாள். எஸ்டேட் டிரைவர் ஜேசுதாஸின் ஆதார் அட்டை மெஷினுக்குள் கிடக்கும். அவள் விரல் போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். 'கணக்குச் சந்தை' என்று இணையத்தில் ஒரு மன்றம் நடத்துகிறாள். தமிழில் கணக்குக் கேட்கலாம், தமிழிலேயே பதில் சொல்லலாம். எங்கெங்கோ இருக்கிறவர்கள் வந்து கூடுகிறார்கள். பெரிய பெரிய ஊர்க்காரனுக்குத் தோன்றாதது நம் மலைக்காரிக்குத் தோன்றியது. இதைச் சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்?

கேள்வி விழுந்த சூட்டோடு முழு விடையையும் போட்டுவிடுவாள். யாரும் அவளை முந்தியதில்லை. அதில் அவளுக்குக் கர்வம். தன் கையால் உழைத்து மேலே வந்தவர்களுக்குக் கர்வம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் சந்தையில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. கேட்பார்கள், விடையை எடுத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். ஒருவரோடு ஒருவர் பேச்சே கிடையாது. காரணம் அவளுக்குப் பிடிபடவில்லை.

பிடிபட வைத்தவள் செல்வி. கொட்டச்சேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள்; தபால் வழியில் பட்டப்படிப்பு. ஜெராக்ஸ் எடுக்க வந்த இடத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

"இனி அதுல நான் எதுவும் கேக்கறதா இல்லீங்க்கா."

"ஏங் கண்ணு, விடை தப்பா?"

"சரிதானுங்க. நான் பாதி போட்டு வெச்சிருந்தேன். அதுக்குள்ள உங்களுது வந்துருச்சு. அப்பறம் என்னோடதுக்கு என்ன வேலை?"

ஷெர்லினுக்குச் சுருக்கென்றது. அன்றே மன்றத்தில் விதி போட்டாள்: கேட்கிறவர் தான் முயன்றதைக் காட்ட வேண்டும், முதல் நாள் யாரும் விடை சொல்லக் கூடாது, வழிகாட்ட ஒரு வரி போதும். செல்விக்குப் போன் போட்டு, "இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாரு கண்ணு. புடிக்கலைன்னா போயிக்க" என்று கெஞ்சினாள்.

மன்றத்தில் கிண்டல் கிளம்பியது. 'ஷெர்லினுக்கே விடை தெரியல போல' என்று எவனோ எழுதினான். அவனுக்குச் சூடாக ஒன்று எழுதாமல் இருப்பதற்காக, கூட்டிய கடையையே மறுபடி மறுபடி கூட்டினாள்.

இன்று காலை செல்வியின் கேள்வி வந்தது. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் நான்கு, ஒன்பது, பதினாறு என்று சதுர எண்ணாகவே வருகிறது, ஏன்?

'எண்ணா பாக்காத கண்ணு, புள்ளியா வெச்சுப் பாரு' என்று ஒரே வரி எழுதி, ஷெர்லின் போனைக் கவிழ்த்து வைத்தாள். நிமிர்த்தினாள். பதில் இல்லை. கவிழ்த்தாள். இவளும் போய்விட்டாளோ? மலைப் பாதையில் சிக்னல் கிடைக்காது என்று மனம் சொன்னது, விரல் கேட்கவில்லை. பனி படிந்த கடைக் கண்ணாடியில் புள்ளி வைத்தது. ஒரு புள்ளி. அதன் வலப்புறமும் கீழேயும் வளைத்து மூன்று. அதையும் வளைத்து ஐந்து. ஒவ்வொரு வளைவுக்கும் சதுரம் பெரிதானது.

"ஏம்மா, மார்கழி முடிஞ்சும் கோலமா?" என்றார் ஜேசுதாஸ். "எங் கார்டு உள்ளார கெடந்து வேகுது."

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்ண்ணா."

கொட்டச்சேட்டு பஸ் வந்து நின்றது. ஒரு கையில் காகிதம், ஒரு கையில் பேனாவுடன் செல்வி இறங்கினாள். சாலையைக் கடக்கும்போதே கத்தினாள்:

"அக்கா, சொல்லிராதீங்க! மூணு வெச்சுட்டேன். அஞ்சு எங்க வெக்கறதுன்னு இப்பத்தான்..."

ஷெர்லின் பாய்ந்துபோய்க் கண்ணாடி முழுவதையும் ஸ்வெட்டர் கையால் துடைத்தாள். பிறகு, ஈரமான அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.