அவர் வரைந்தது

இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் பெயர் கேட்கிறார்கள். மீன்காரர் கேட்கிறார், துணி வெளுக்கிறவர் கேட்கிறார், கூடையைக் காவடியாகத் தூக்கிக்கொண்டு வரும் சீனக் காய்கறிக்காரர் கேட்கிறார். என் பெயரைக் கேட்டால் தொந்தரவில்லை, தங்கம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். அவர்களுக்கு வேண்டியது வீட்டுக்காரர் பெயர். மலாயாவில் இந்தப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகள் எல்லாம் ஒரே அச்சு, ஒரே கதவு. புருஷன் பெயர் தெரியாமல் எந்த வீட்டையும் கண்டுபிடிக்க முடியாது. நாகப்பட்டினத்தில் எங்கள் தெருவில் எவரும் என்னிடம் இதைக் கேட்டிருக்கமாட்டார்கள். கட்டியவன் பெயரை வாய்விட்டுச் சொல்கிற பெண்ணை ஊர் விட்டுவைக்குமா? நானும் சொன்னதில்லை. இதோ, பேனாவைப் பிடித்திருக்கும்போதுகூடக் கை வரவில்லை. முருகன் கையில் இருப்பதை எடுத்து, அதோடு ஆயுதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்களுக்கே புரியும்.

சீனருக்கு எப்படிப் புரியவைப்பது? சுவரில் தொங்கிய முருகன் படத்தைக் காட்டி, வேலைத் தொட்டுக் காட்டினேன். பலமாகத் தலையாட்டினார். மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரரை எங்கே கண்டாலும் "தொம்பாக்! தொம்பாக்!" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மலாயில் ஈட்டிக்கு அதுதான் பெயராம். என் வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. எனக்கு மானம் போயிற்று.

அவருடைய உத்தியோகத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத் தரகர், "மாப்பிள்ளை மலாயாவுல ரயிலுக்குக் கோடு போடறார்" என்றார். எந்த ஊருக்கு ரயில் போகவேண்டும் என்று வரைபடத்தில் கோடு கிழிக்கிற எஞ்சினீயர் என்று அப்பா எடுத்துக்கொண்டார். அதற்குமேல் விசாரிக்கவே இல்லை. கப்பலேறி, கிள்ளான் பக்கத்துத் துறைமுகத்தில் இறங்கி, இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ரயில்பெட்டியின் வெளிப்பக்கம் ஜன்னலுக்குக் கீழே மஞ்சளாக ஒரு மெல்லிய கோடு நீளுமே, அதைப் போடுகிறவர் இவர். பெட்டிக்குப் பெட்டி அதே கோடு, மயிரிழை விலகக்கூடாது. அன்று அழுதேனா சிரித்தேனா என்று கேட்காதீர்கள், இரண்டும்தான்.

பகலெல்லாம் நேர்க்கோடு போட்ட கைக்கு வீட்டுக்கு வந்ததும் பித்துப் பிடித்துவிடும். சாமான் வந்த பெட்டிப் பலகை ஒன்று கிடைத்தால் போதும், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கோடுகளை வளைப்பார், நெளிப்பார், ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றுவார். அதில் ஆள் இருக்காது, மரம் இருக்காது, சாமி இருக்காது.

"இது என்னங்க?"

"சும்மா."

"யானையா?"

"இல்ல."

"மழை மேகமா?"

"அட, சும்மாதான் புள்ள."

அக்கம்பக்கத்தார் வந்து தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள், பலகையைச் சாய்த்தும் பார்ப்பார்கள். பிறகு, "அண்ணே, உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்காது. பாதித் தட்டில் கையைக் கழுவிவிட்டுப் படுத்துக்கொள்வார்.

இந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து என் அண்ணன் கூப்பிட்டார். அரிசி ஆலையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும், இரண்டுபேரும் வந்துவிடுங்கள் என்று. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தார். டவுனில் வெள்ளைக்காரத் துரைசானிகள் சேர்ந்து கைவேலைக் கண்காட்சி வைக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்று வேலையிடத்தில் கேள்விப்பட்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு வெச்சுப் பாப்போம் தங்கம். யாராச்சும் இத ஒரு படம்னு சொன்னா இங்கயே இருப்போம். இல்லேன்னா கப்பலேறிடலாம், அப்புறம் நான் பிரஷைத் தொடமாட்டேன்."

கண்காட்சி அன்று அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பலகையைப் பழைய புடவையில் சுற்றி என் கையில் கொடுத்தார். பிள்ளையாரே, இதை ஒரு ஈ காக்கை திரும்பிப் பார்க்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே ரிக்‌ஷாவில் போனேன்.

மண்டபத்து வாசலில் காவலுக்கு ஒரு மலாய்ப் பெரியவர் இருந்தார். புடவையை விலக்கிப் பார்த்து, "அப்பா இனி?" என்றார். இது என்ன என்று அர்த்தம். வந்த புதிதில் இதைக் கேட்டு, அப்பா சௌக்கியம் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இப்போது தேறியிருந்தேன். "சும்மா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ச்சுமா-ச்சுமா?"

"ஆமா, சும்மா, சும்மா."

"தெரிமா காசே!" என்று கையை நெஞ்சில் வைத்து நன்றி சொல்லிவிட்டு, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அவர்கள் பேச்சில் 'ச்சுமா-ச்சுமா' என்றால் இலவசம் என்று அர்த்தமாம்! "ஐயோ, குடுக்கல, குடுக்கல!" என்று நான் ஒரு முனையைப் பிடிக்க, அவர் மறுமுனையை விடமாட்டேன் என்க, நல்ல கூத்து. யோசித்துப் பார்த்தால் அந்தப் படத்துக்கு முதல் ரசிகர் அந்தப் பெரியவர்தான்.

சத்தம் கேட்டு ஒரு துரைசானி வெளியே வந்தார். எங்களை விலக்கத்தான் வந்தார், படத்தைப் பார்த்ததும் எங்களை மறந்துவிட்டார். மூக்கு உரசுகிற அளவு கிட்டே போனார், பின்னால் நகர்ந்தார், மறுபடி கிட்டே போனார். "பாகூஸ்" என்றார். நன்றாக இருக்கிறதாம்! அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, யார் வரைந்தது என்று மலாயில் கேட்டார்.

"அவர்" என்றேன்.

"அவர்?"

"அவர்தான்."

அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். மிஸ்டர் அவர்.

சாயங்காலம் பரிசு கொடுத்தார்கள். பலகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம் என்று நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். துரைசானி மேடையேறி எங்கள் படத்தைத் தூக்கிக் காட்டி, "மிஸ்டர் அவர்!" என்றார். யாரும் எழவில்லை. இன்னொருதரம் கூப்பிட்டார். பூத்தொட்டி கொண்டுவந்திருந்த அன்வார் என்கிற மலாய்க் கனவான் ஒருவர், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, கோட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார். ஒரே கைதட்டல். துரைசானி அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். பாவம், அந்த மனிதருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று வீட்டில் போய்ச் சொன்னால் முடிந்தது. அண்ணன் வீடு, அம்மா கைச்சோறு, எங்கள் தெரு, எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் என் புருஷன் பாதித் தட்டில் கைகழுவிவிட்டுப் படுத்தாரே, அந்தக் கோடுகளுக்கு வேறொருவர் கைகுலுக்கல் வாங்குவதா? வந்ததே எனக்குக் கோபம்! நாற்காலி கவிழ எழுந்தேன். கத்தினேன். அவர் பெயரை, முழுப் பெயரை, மண்டபம் அதிரக் கத்தினேன். அதை இங்கே எழுதமாட்டேன். இந்தக் கட்டுரையை யாரையாவது படிக்கச் சொல்லி அம்மா கேட்பாள்.

எல்லாத் தலையும் திரும்பின. விஷயம் புரிந்ததும் முதலில் சிரித்தவர் அன்வார்தான். அவரே இறங்கிவந்து, மேடைக்கு வழிகாட்டி எனக்கு முன்னால் நடந்தார். அட்டையில் பெயரைத் திருத்தி எழுதினார்கள். நாகப்பட்டினம் கைநழுவிப் போயிற்று என்று தெரிந்தது, அழுகைதான் வரவேண்டும். வரவில்லை. தலை கிறுகிறுவென்று ஒரே சந்தோஷம். வீடு வரும்வரை ரிக்‌ஷாவில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன், இழுத்தவர் பயந்து பயந்து திரும்பிப் பார்த்தார்.

இப்போது அவர் பலகைகள் கிள்ளானில்கூடச் சிலபேர் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. ஒரு வீட்டில் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று இவரே சொல்லிவிட்டு வந்தார். ரயிலுக்குக் கோடு போடுவதும் நடக்கிறது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் அடுப்படி வரைக்கும் பின்னாலேயே வந்தார்.

"நீயா சொன்ன?"

"நான்தான்."

"என் பேரையா?"

"பின்ன யார் பேரை?"

"எங்க, ஒருதரம் சொல்லு கேப்போம்."

வாயைத் திறந்தேன். முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான், மண்டபத்தில் கத்தியவள் எங்கே போனாளோ, பழைய நாகப்பட்டினத்துக்காரி வந்து நின்றுகொண்டாள்.

"சரி, நான் பாக்கல" என்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கண்ணை இறுக மூடி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஏங்க..." என்றுதான் வந்தது.

"என்ன?" என்று திரும்பினார்.