நிறம் நீக்கிய புள்ளிகள்

ஆய்வுக் கட்டுரையின் முதல் வரைவில் நாங்கள் மூன்று இனங்களாக இருந்தோம். விழிஞ்ஞத்துக் கடற்கரை மக்கள் ஓர் இனம், போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் இன்னொன்று, என்னைப் போன்ற கரமனை அக்ரகாரத்துக்காரர்கள் மூன்றாவது. சர்க்கரை நோய் சிலருக்கு ஏன் இளவயதிலேயே வருகிறது என்று மரபணுக்களில் தேடும் ஆய்வு அது. ரத்த மாதிரிகளிலிருந்து கிடைத்த தகவல்களைக் கணினியில் அலசுவது என் வேலை. உடன் வேலை பார்த்த தோழி போனக்காட்டில் பிறந்தவள். வரைவை எழுதிய எங்கள் துறைத் தலைவர், திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்ட நாஞ்சில்நாட்டுக்காரர்.

வரைவைப் படித்து முடித்ததும் தோழி நேராக அவர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

“சார், தோட்டத் தமிழ் இனம்னு ஒண்ணு எங்க இருக்கு? எங்க தாத்தா அம்பாசமுத்திரத்துலேர்ந்து வேலைக்கு வந்தவரு. நாளைக்குப் பத்திரிகையில ‘அந்த இனத்துக்கே சர்க்கரை’ன்னு போடுவாங்க. என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை கிட்டுமா?”

தலைவர் சிரிக்கவில்லை. “நீ சொல்லுகது செரிதான். ஆனா கிராஃப்ல மூணு கூட்டமா தெரியுதே. கண்ணு முன்னால கிடக்கதை இல்லன்னு எப்படி எழுத?”

அந்தப் படத்தில் ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. மரபணுக்களில் நெருங்கியவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். ஊர்வாரியாகப் புள்ளிகளுக்கு நீலம், பச்சை, சிவப்பு கொடுத்திருந்தேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஒரு யோசனை வந்தது. மறுநாள் நிறங்களை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கறுப்பாக அச்செடுத்து, ஒரு பேனாவோடு அவர் மேஜையில் வைத்தேன்.

“மூணு கூட்டத்தையும் நீங்களே வட்டம் போட்டுக் காட்டுங்கோ சார்.”

உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். ஒரு வட்டம் போட்டார். இரண்டாவதை எங்கே முடிப்பதென்று பேனா தயங்கியது. மூன்றாவதைப் போட்டதும் நிறமுள்ள படத்தைப் பக்கத்தில் வைத்தேன். அவர் போட்ட பெரிய வட்டத்துக்குள் மூன்று ஊர்க்காரர்களும் இருந்தார்கள். கரமனைக்காரர்கள் பலர் வட்டத்துக்கு வெளியே சிதறிக் கிடந்தார்கள்.

இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “அப்போ வித்தியாசமே இல்லன்னு எழுதணுமா?”

“வித்தியாசம் இருக்கு சார். கொஞ்சம் கொஞ்சமா மாறிண்டே போறது. இங்கே ஒரு இனம் முடிஞ்சுடுத்து, அங்கே அடுத்தது ஆரம்பிக்கறதுன்னு கோடு போடத்தான் முடியலை.”

“பின்னே எப்படி எழுதலாம்?”

தோழி சொன்னாள்: “ஆளுங்க எந்த ஊரு, அவங்க தாத்தா பாட்டி எங்கேர்ந்து வந்தாங்க, தங்களை என்னன்னு சொல்லிக்கிறாங்க. இதைத்தானே சார் கேட்டோம். கேட்டதை அப்படியே எழுதுவோம். என்ன சாப்பிடுறாங்க, என்ன வேலை செய்றாங்கன்னும் சேர்த்துச் சொல்லுவோம்.”

“ஜர்னல்காரன் ஒத்துக்கிடணுமே” என்று சாயங்காலம் வரை வாதாடினார். நாங்களும் விடவில்லை. கடைசியில் அவரே கணினி முன் உட்கார்ந்து, ‘இனம்’ என்ற சொல்லைத் தேடித் தேடி அழித்தார்.

சில மாதங்கள் கழித்து ஜர்னலிலிருந்து பதில் வந்தது. கட்டுரை ஏற்கப்பட்டிருந்தது. மக்களை விவரித்த விதம் மற்றவர்களும் பின்பற்றத் தக்கது என்று மதிப்பீட்டாளர் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார். தோழி போட்ட கூச்சலில் அடுத்த லேப்காரர்கள் ஓடி வந்தார்கள். தலைவர் அந்த வரியை அவர்களுக்கு மலையாளத்தில் உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, எங்கள் இருவரையும் முன்னால் இழுத்து நிறுத்தினார்.

“இவளுக ரெண்டு பேரும் என்னைத் தோக்கடிச்சிட்டாளுக” என்றார், அத்தனை பெருமையாக.

அன்று நான் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. தோழியின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன். கிழக்கேகோட்டை நெரிசலில் ஊர்ந்தபடி, யார் பார்க்கிறார்கள் என்ற கவலையே இல்லாமல் இருவரும் பாடிக்கொண்டே போனோம்.