அம்பிகாவின் பிரஷர் பாடு

ஏரிக்கரையிலுள்ள சேந்தன்குப்பத்துத் துணைச் சுகாதார நிலையத்துக்கு அம்பிகா செவிலியராக வந்த அன்று, அவள் அக்காள் சரோஜா அந்தத் தெருவில் மூன்று முறை போய் வந்தாள். பலகையில் தங்கையின் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டாமா? பிழை இல்லை. நான்காவது முறை போனது சும்மா பார்ப்பதற்காக.

பொன்னேரியில் பன்னிரண்டாவது முடித்து, செவிலியர் பயிற்சியும் முடித்து, அனுப்பம்பட்டுப் பக்கம் ஆறு வருடம் வேலை பார்த்தவள் அம்பிகா. சரோஜா எட்டாவதோடு ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவப் போனவள். ஆனால் கையெழுத்து மட்டும் அச்சுப் போல இருக்கும்.

பதிவேட்டில் ரத்த அழுத்தக்காரர்கள் சரியாக நூறு பேர். அவர்களைப் பார்க்கும் நேரம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. வருகிறவர்கள் பதினோரு பேர். ‘வராததற்குக் காரணம்’ என்ற கட்டத்தில் முன்பிருந்தவர்கள் எல்லாரும் ‘விழிப்புணர்வு இல்லை’ என்றே எழுதியிருந்தார்கள். அம்பிகா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னாக்கா இது? ஒன்பது மணிக்கு நீங்கல்லாம் இடுப்பளவு தண்ணியில நிப்பீங்க. அந்த நேரத்துல இங்க வந்து கை நீட்டுனா எப்பிடி வருவீங்க?"

ஏரியில் வலை கட்டும் இடங்களுக்கு ஊரில் முறை உண்டு. இன்று இந்தக் குழு, நாளை அந்தக் குழு. அதற்குப் பாடு என்று பெயர். தன் பாட்டைத் தவறவிட யாருக்கும் மனம் வராது. அம்பிகா அதையே பிடித்துக்கொண்டாள். வலைக்குப் போகாத குழு எதுவோ, அதற்கு அன்று மாலை நாலு முதல் ஆறு வரை பிரஷர் பார்ப்பது என்று பட்டியல் எழுதிக்கொண்டு வட்டார மருத்துவர் ஜமுனாவிடம் போனாள்.

"மூணு மாசம் செஞ்சு பாரும்மா. நூறுல அறுபது பேருக்காவது கட்டுக்குள்ள வரணும். வரலைன்னா பழையபடி செவ்வாய்க்கிழமைதான்" என்றார் மருத்துவர்.

ஊர் அதற்கு ‘பிரஷர் பாடு’ என்று பெயர் வைத்துத் திருவிழா போலத் திரண்டது. வாசலில் உட்காரும் பதவியைச் சரோஜா தானே எடுத்துக்கொண்டாள். அவள் அட்டையை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுப்பாள். உள்ளே அம்பிகா அளந்து டோக்கனில் எண்ணை எழுதி அனுப்புவாள். சரோஜா அதை அட்டையில் ஏற்றுவாள். மூன்றாம் மாதக் கடைசியில் எழுபத்தெட்டுப் பேருக்கு அழுத்தம் அடங்கியிருந்தது. சரோஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மருத்துவர் கணக்குப் பார்க்க வருவதற்கு மூன்று நாள் முன்பு, உள்ளேயிருந்து அம்பிகாவின் குரல் கேட்டது.

"டேய் பூவரசா, இப்பதானே உனக்குப் பார்த்தேன்?"

"அது சின்னதம்பி அண்ணன் பாட்டுக்குக்கா. இது மாமனார் பாட்டுக்கு."

"உன் கையில பார்த்தா உங்க அண்ணனோட பிரஷர் எப்பிடிடா தெரியும்?"

"ஒரே நைனாவுக்குப் பொறந்தவங்கதானே! மாமனாருக்கு வேணா கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். அதுக்காகப் பாட்டை விட்டுற முடியுமா?"

வலைக்குப் போக முடியாதவன் வீட்டிலிருந்து வேறோர் ஆளை அனுப்பினால் பாடு செல்லும். இங்கேயும் அப்படித்தான் என்று ஊர் நினைத்திருந்தது. அம்பிகா வெளியே ஓடிவந்தாள்.

"அடுத்தவங்க பாட்டுக்கு வந்தவங்கல்லாம் கை தூக்குங்க!"

வரிசையில் நின்ற பதினாறு பேரில் ஒன்பது பேர் தூக்கினார்கள். பச்சையம்மா இரண்டு கையையும் தூக்கினாள். ஒன்று மாமியாருக்கு, ஒன்று புருஷனுக்கு. அம்பிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வரிசையே சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

"அக்கா, உனக்குத் தெரியுமா இது?"

"தெரியுமே. ஆள் வந்தா சரினு…" என்ற சரோஜாவுக்குப் பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

இருவரும் சின்னதம்பி வீட்டுக்கு ஓடினார்கள். அளந்தால் நூற்றுத் தொண்ணூறு.

"மாத்திரை போடறீங்களாண்ணே?"

"அதை நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சும்மா. நூத்தி இருபதுனு அட்டையில முத்து முத்தா எழுதிக்கீதே!"

அந்த முத்துகள் சரோஜாவுடையவை. சின்னதம்பியை அப்போதே ஆட்டோவில் ஏற்றிப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

"எழுபத்தெட்டுனே காட்டிடுக்கா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றான் பூவரசன்.

"உங்க அண்ணன் விழுந்தா, அவர் பாட்டுக்கு நீ போய் ஆஸ்பத்திரியில படுத்துப்பியாடா?" என்றாள் அம்பிகா.

அடுத்த இரண்டு நாளும் அக்காளும் தங்கையும் ஊரையே துரத்தினார்கள். ஏலக் கொட்டகையில், ரேஷன் கடை வாசலில், படகின் விளிம்பில். அம்பிகா சேலையைச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று அளந்தாள். "தண்ணியில நின்னா பிரஷர் ஏறுமாக்கா?" என்று கேட்டவளைக் கரைக்கு இழுத்து, கால் மணி உட்காரவைத்து மறுபடி அளந்தாள். சரோஜா முகத்தைப் பார்த்து, பெயரைக் கேட்டு, அப்பன் பெயரையும் கேட்டுத்தான் எழுதினாள். கூடப் பிறந்த தம்பியிடமே கேட்டாள்.

தொண்ணூற்றாறு பேர் அகப்பட்டார்கள். அடங்கியது ஐம்பத்து மூன்று பேருக்கு. அறுபதுக்கு ஏழு குறைந்தது.

மருத்துவர் வந்ததும் சரோஜா முந்திக்கொண்டாள். "தப்பு என்னுது மேடம். தங்கச்சிக்குத் தெரியாது." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மருத்துவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டுவந்தார்.

"மாமனாருக்குமா?" என்றவர், அடக்க முடியாமல் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். பிறகு நிமிர்ந்தார். "நான் சொன்னது அறுபது. ஐம்பத்து மூணு அறுபது ஆவாது."

மருத்துவர் பதிவேட்டை மூடி வைத்தார்.

"ஆனா ரெண்டே நாள்ல தொண்ணூத்தாறு பேரை நேர்ல பார்த்த நிலையம் என் வட்டாரத்துல வேற இல்ல. இன்னும் மூணு மாசம் எடுத்துக்கோ. வியாழக்கிழமை கூட்டத்துக்கு இந்தப் பாட்டுப் பட்டியலைக் கொண்டா. மத்த நாலு கரை ஊருக்கும் நீதான் சொல்லித் தரணும். ஆள் மாத்தின கதையை முதல்ல சொல்லு."

அம்பிகா அக்காளைக் கட்டிப் பிடித்துத் தட்டாமாலை சுற்றினாள்.

"விடுடி, மேடம் பாக்கறாங்க!" என்றாள் சரோஜா. மேடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதன்பிறகு சரோஜா விடச் சொல்லவில்லை.