திங்கட்கிழமை வரி

ஒரே வேலையை இரண்டாம் தடவையும் கையால் செய்கிறவன் முட்டாள் என்பது அவனுடைய கொள்கை. அலுவலகத்தில் அவனுக்குச் ‘சோம்பேறி’ என்று பெயர். யாரும் கோபத்தில் வைத்ததில்லை. அவனே அதை விருது வாங்கியவன் மாதிரி சொல்லிக்கொள்வான். மருந்து மொத்த விற்பனைக் கம்பெனி ஒன்றின் செர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. பார்த்துக்கொள்வது என்றால் நாற்காலியில் சாய்ந்து காபி குடிப்பது. மிச்சத்தைக் கிரான் பார்த்துக்கொள்ளும்.

கிரான் என்பது செர்வருக்குள் ஓசைப்படாமல் கிடக்கும் ஒரு சின்ன நிரல். நிமிஷத்துக்கு ஒருமுறை கண் விழித்துத் தனக்குக் கொடுத்த அட்டவணையைப் பார்க்கும். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டம்; எது எப்படியிருந்தாலும் பரவாயில்லையோ அங்கே ஒரு நட்சத்திரக் குறி. நேரம் வந்துவிட்டால் சொன்னதைச் செய்துவிட்டு மறுபடி படுத்துவிடும். ஏன் என்று கேட்காது. இன்னும் தேவைதானா என்றும் கேட்காது. பழைய கோப்புகளை அழிப்பது, கணக்குகளை நகலெடுத்து வைப்பது, முதலாளிக்குக் காலை அறிக்கை அனுப்புவது எல்லாம் அதன் பொறுப்பு.

கடைசியில் அம்மாவையும் அதன் தலையில் கட்டினான்.

அம்மா வேறு ஊரில் அக்காவோடு இருந்தாள். பார்வை மங்கிப்போய், சுவரைத் தடவித்தான் நடப்பாள். குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, துணி மாற்றுவது எல்லாம் அக்கா. அதற்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். “தினம் ஒரு வார்த்தை விசாரிக்கக்கூட உனக்கு நேரமில்லையாடா?” என்று ஒருநாள் போனில் அவனைக் காய்ச்சி எடுத்தாள். போனை வைத்த கையோடு உட்கார்ந்தான். ‘மாத்திரை போட்டீங்களாம்மா?’, ‘வெந்நீர்லயே குளிங்க’, ‘கால் வீக்கம் எப்படி இருக்கு?’ என்று சளைக்காமல் எழுதித் தள்ளினான். அதில் நாளுக்கு ஒன்றைப் பொறுக்கி, காலை ஒன்பது மணி வாக்கில் தன் எண்ணிலிருந்தே அம்மாவின் போனுக்குச் செய்தியாகப் போகும்படி கிரானில் வைத்தான். தினமும் ஒரே நிமிஷத்தில் போனால் சந்தேகம் வருமே, அதனால் கொஞ்சம் முன்பின்னாகப் போகட்டும் என்று அதையும் சேர்த்தான். கெட்டிக்காரன்! திங்கட்கிழமைக்கு மட்டும் தனி வரி: ‘இந்த வாரம் வந்துடுறேம்மா.’ அம்மாவுக்குத் தெம்பாக இருக்கும் என்று நினைத்தான். அதற்கப்புறம் அந்தப் பக்கம் அவன் தலைவைத்தும் படுக்கவில்லை. பெற்றவளை விசாரிக்கிற வேலையை இப்படி முடித்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் ஒரு மனசு வேண்டும். அது அவனுக்கு இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போய்விட்டாள். கட்டியிருந்த துணியோடு பஸ் ஏறியவன், மறுநாள் காலையில் வந்து சேர்ந்தான்.

முன்னறையில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் நாற்காலிகளில் உறவுக்காரர்கள். தலைமாட்டில் அக்கா, மடியில் அம்மாவின் போன். உட்கார்ந்ததும் அவனுக்கு அழுகை வந்தது. நிஜமாகத்தான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது சுவர்க் கடிகாரம் ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்று திங்கட்கிழமை. அந்தத் தனி வரி போகிற நேரம்.

வெளியே ஓடி, கூட வேலை பார்ப்பவனைக் கூப்பிட்டான். “என் லாகின்ல ஒரு வேலை ஓடுதுப்பா. உடனே நிறுத்தணும். லேப்டாப் கையில இல்ல.”

“நானே இன்னும் பஸ்லதான் இருக்கேன். அம்மா போன அன்னிக்கும் செர்வர் நெனப்பா? போய் உக்காரு. நீ வச்ச வேலை என்னிக்காவது நின்னிருக்கா?”

உள்ளே வந்தான். “அக்கா, அம்மா போனை என்கிட்டக் குடு. சொல்ல வேண்டியவங்களுக்கு நான் சொல்றேன்.”

“இத்தனை வருஷம் எல்லாத்தையும் நான்தானே பாத்தேன்? இதையும் நானே பாத்துக்கறேன்.” குரலைத் தாழ்த்தினாள். “போன திங்கக்கிழமையே ஆஸ்பத்திரியில சேக்கணும்னு டாக்டர் சொன்னார்டா. அம்மா அசைஞ்சு குடுக்கல. ‘புள்ள வர்றேன்னு சொல்லியிருக்கான், வந்து பாத்து வீடு பூட்டியிருந்தா திரும்பிப் போயிடுவான்’னு ஒரே பிடிவாதம். கதவுப் பக்கமே காதை வச்சுக்கிட்டுக் கிடந்தாங்க. வர முடியலன்னா முடியலன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“அவசர வேலை வந்துடுச்சுக்கா.” கூச்சமே இல்லாமல் வாயில் வந்தது.

மடியிலிருந்த போனில் செய்தி வந்த மணி அடித்தது. அக்கா திரையைப் பார்த்தாள். பிறகு அவன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் வெறுமனே முழங்கால்மேல் இருந்தன. அவன் போன் சட்டைப்பையில் கிடந்தது.

அம்மாவுக்குத் தினமும் படித்துக் காட்டுகிற அதே நிதானத்தோடு அவள் உரக்கப் படித்தாள். “இந்த வாரம் வந்துடுறேம்மா.”

அக்கா திரையை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். திங்கட்கிழமைதோறும் அதே வரி. கணக்கு டீச்சருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

“மெஷினா?”

தலையாட்டினான்.

“ஆரம்பத்துலேருந்தே?”

அதற்கும் தலையாட்டினான்.

“நான்தானேடா படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ‘தம்பி வர்றானாம்மா’ன்னு நான்தானே சொன்னேன்.” போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். பக்கத்து நாற்காலிக்காரர் அவன் தோளைத் தொடப் போனார். அக்கா அவர் கையைத் தடுத்தாள்.

“விடுங்க. இந்த அழுகையும் நேரம் ஆனா அதுவா நின்னுடும்.”