நான்கு வயதில் விழுந்த பல்

ஏழு வயதில் ஒரு கோடையில் நான் நான்கு வயதுப் பிள்ளையாக இருந்தேன். வீட்டில் இல்லை, ஏரியில் மட்டும். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஏழு, ஏரிக்கரைப் புங்கமரத்தடிக்குப் போனதும் நான்கு, சாயங்காலம் திரும்பி வந்ததும் மறுபடி ஏழு. இந்த ஏற்பாட்டைச் செய்தவள் என் அம்மா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் ஊர் திருப்புட்குழிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பா கொத்தனார், விடிந்ததும் பஸ் ஏறிக் காஞ்சிபுரத்துக்குப் போய்விடுவார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவாள். கோடையில் ஏரி வற்றினதும் தூர்வாரும் வேலை வரும். ஆண்கள் மண்ணை வெட்டிப் போட, பெண்கள் சட்டியில் வாரித் தலையில் வைத்துக் கரையேறிக் கொட்டிவிட்டு வருவார்கள். கூலி பேங்க் கணக்குக்கு வரும், வரும்போது வரும். "காசு ஏறிச்சா?" என்று கேட்பதுதான் எங்கள் தெருவில் நலம் விசாரிக்கும் முறை.

அந்த வருடப் பொங்கலுக்கு முன்னால் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பாவின் தங்கை. பிள்ளையார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கே தறிக்காரர்களுக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். மாமா வேறு ஒருத்தியோடு குடும்பம் நடத்தப் போய்விட்டார். அதற்கும் முன்னால் குழாயடியில் வழுக்கி விழுந்ததில் அத்தைக்கு இடுப்பு போய்விட்டது. நடப்பாள், உட்கார்ந்து எழுந்திருப்பாள், கனம் மட்டும் தூக்கக் கூடாது. ஒரு நீலப் பையோடு வந்தவள் அந்தப் பையைப் பிரித்து அடுக்கவே இல்லை. புடவையை அதிலிருந்து எடுப்பாள், துவைத்து மடித்து அதிலேயே வைப்பாள். கதவுக்குப் பின்னால் அந்தப் பை எந்நேரமும் ஊருக்குக் கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தது.

"சும்மா குந்திக்கினு துன்றதுக்கு எனக்கு ஒப்பலண்ணா. பெங்களூர்ல வீட்டு வேலைக்கு ஆள் கேக்கறாங்களாம். போயிடறேன்" என்று அவள் அப்பாவிடம் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

அம்மாவும் அத்தையும் அப்போது பேசிக்கொள்வதில்லை. வந்த புதிதில், விருந்தாளிகள் இருக்கும்போது, ரசத்தில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்று அத்தை சொல்லிவிட்டாளாம். அவ்வளவுதான் விஷயம். ஒரே அறை கொண்ட வீட்டில், கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரும் என் வழியாகப் பேசினார்கள். "உங்க அத்தைய துன்ன வரச் சொல்லு" என்பாள் அம்மா. நான் இந்தப் பக்கம் திரும்பி, "அத்தே, துன்ன வருவியாம்" என்பேன். "எனக்குப் பசி இல்லன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." நான் அந்தப் பக்கம் திரும்புவேன். இதில் எனக்குப் பெருமை உண்டு. வீட்டில் நான் இல்லாவிட்டால் ஒரு வேளைச் சாப்பாடு நடக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நூறு நாள் வேலையில் ஒரு சௌகரியம் இருந்தது. வேலைக்கு வருகிற பெண்களோடு ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் ஐந்து பேராவது வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்கலாம். மண் சுமக்கிறவர்களுக்கு என்ன கூலியோ அதே கூலி அவளுக்கும் உண்டு. கோடை தொடங்கியதும் அந்த வேலை அத்தைக்குக் கிடைத்தது. யார் பேசி வாங்கித் தந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஏழு வயதில் யார் அதையெல்லாம் விசாரிப்பார்கள்?

புங்கமரத்தின் தாழ்ந்த கிளைகளில் பழைய புடவைகளால் தூளி கட்டி, கீழே கூட்டிப் பெருக்கி, எறும்புப் புற்றின் மேல் மஞ்சள்தூள் போட்டு, ஒரு பானைத் தண்ணீரை ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்து அத்தை அந்த இடத்தை ஒரு வீடு மாதிரி ஆக்கிவிட்டாள். ஒரு தூளியை ஆட்டியபடியே இன்னொன்றுக்குப் பாட்டுப் பாடுவாள். எங்கள் வீட்டில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசிக்கூட நான் கேட்டதில்லை.

மே மாத நடுவில் இடி விழுந்தது. ஐந்து பிள்ளைகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அதன் தாய் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். வேலையை மேற்பார்க்கிற பொறுப்பாளர் அக்கா, கெட்டவள் இல்லை, சங்கடத்தோடுதான் வந்து சொன்னாள்.

"நாலு புள்ளைங்களுக்குன்னு தனியா ஆள் போட முடியாதுக்கா. மேல கேப்பாங்க. நாளையிலருந்து நீயும் சட்டி தூக்க வந்துடு. இல்லன்னா பேரை எடுத்துடணும்."

அத்தை தூளியை ஆட்டப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கொடியில் ஈரம் காயாமல் கிடந்த புடவைகளைக்கூட மடித்து நீலப் பைக்குள் வைத்தாள். அம்மா அடுப்புப் பக்கம் இருந்து அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, துணிக்கடையில் அளவு பார்க்கிற மாதிரி.

மறுநாள் காலை பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய கவுன் வெளியே வந்தது. பால்வாடிக்குப் போகும்போது நான் போட்டது. அக்குள் பிடித்தது, முதுகில் கொக்கி எட்டவில்லை. அம்மா ஊக்கு குத்தினாள். இரட்டைச் சடையை அவிழ்த்து உச்சியில் ஒரே குடுமியாகக் கட்டினாள்.

"ஏரில யார் கேட்டாலும் உனக்கு நாலு வயசு. வாயத் தொறக்காத. வெரலு வச்சிக்க" என்றாள்.

"நான் மூணாவது போவப் போறேன்மா."

"ஸ்கூல் தொறந்தப்புறம் போ."

வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. அப்போதுதான் எனக்கு முன்பற்கள் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் ஓட்டை. இன்னொரு பக்கம் புதுப் பல் பாதி முளைத்து, ரம்பம் மாதிரி நின்றது. பேசினால் அத்தனையும் தெரியும். நானோ பேசாமல் இருக்கிற ஜாதி இல்லை.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதுகூட எனக்கு ஆத்திரம் வருகிறது. வாய்ப்பாடு சொல்லத் தெரிந்தவள், மூக்கு ஒழுகுகிற பொடிசுகளோடு உட்கார்ந்து கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருக்க வேண்டும். ஏரியில் பந்தடிக்க வந்த என் வகுப்புப் பையன்கள், "பாப்பா, தூளில படுக்கலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அத்தையால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யாரும் பார்க்காதபோது என் தலையைத் தடவி, "ஏன்டி கண்ணு, உன்னைப் போயி" என்று மட்டும் சொல்வாள். பொறுப்பாளர் அக்கா வருவாள், ஐந்து தலைகளை எண்ணுவாள், என் தலையை எண்ணும்போது மட்டும் ஆகாயத்தைப் பார்த்துக்கொள்வாள்.

அப்படியே போயிருந்தால் வம்பில்லை. ஒரு நாள் யூனியன் ஆபீஸிலிருந்து ஒரு மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். தண்ணீர்ப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தார். தூளிக் கயிறுகளை இழுத்துப் பார்த்தார். பிறகு பிள்ளைகளை எண்ணிக்கொண்டே வந்து என் எதிரில் நின்றார்.

"இந்தப் பாப்பாவுக்கு என்ன வயசு?"

அத்தைக்குப் பொய் வராது. அவள் தரையைப் பார்த்தாள். ஏரிக்குள்ளிருந்து மண்ணோடு கரையேறிக்கொண்டிருந்த அம்மா, பாதியிலேயே சட்டியை இறக்கிவிட்டு ஓடிவந்தாள். கழுத்தெல்லாம் வியர்வையும் மண்ணும்.

"என் பொண்ணுதாங்க மேடம். நாலு முடிஞ்சி அஞ்சு ஓடுது. கொஞ்சம் வளத்தி."

பொய் என்று தெரிந்தால் அத்தையின் வேலை மட்டுமல்ல, அம்மாவின் வேலையும் போயிருக்கும். அது எனக்கு அன்று தெரியாது. அம்மா முந்தானையால் கழுத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "ஸ்கூலுக்குப் போறியாம்மா?" நான் விரலை எடுக்காமல் இல்லை என்று தலையை ஆட்டினேன். "எங்க, ஆ காட்டு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வேறு எங்கோ பார்த்தாள். விரலை எடுத்து வாயைத் திறந்தேன்.

மேடம் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார், அவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தார். தூளியில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அத்தை தரையிலிருந்து பார்வையை எடுக்காமலே மறு கையால் அதை ஆட்டினாள்.

"பல்லு சீக்கிரமா விழுந்துடுச்சு போல. மிட்டாய் ரொம்பக் குடுக்காதீங்கம்மா" என்றார் மேடம். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு பொறுப்பாளர் அக்காவிடம் திரும்பினார். "கைக்குழந்தை இருக்குதுன்னு வேலைக்கு வராம இருக்கறவங்க ஊர்ல இருப்பாங்கல்ல? இங்க பாத்துக்க ஆள் இருக்குதுன்னு வீடு வீடா போய்ச் சொல்லுங்க. ஒரு வாரத்துல மறுபடி வருவேன். அப்ப இந்தப் பாப்பா இங்க இருக்கக் கூடாது. இவ்ளோ வெயில் ஆகாது."

ஜீப் போனதும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இவ்வளவு படித்தவருக்கு, நான்கு வயதில் யாருக்கும் பல் விழாது என்பதுகூடத் தெரியவில்லையே என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா கேட்டுவிட்டு முதுகில் ஒன்று வைத்தாள். இன்று நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறேன். ஒரு குழந்தை வாயைத் திறந்தால், அதன் அம்மா சொல்வதற்கு முன்னால் எனக்கு அதன் வயது தெரியும். அந்த மேடத்துக்கும் தெரிந்துதான் இருந்தது.

அந்த வாரத்திலேயே இரண்டு பெண்கள் கைக்குழந்தைகளோடு வேலைக்கு வந்தார்கள். பிள்ளைக்காக அத்தனை நாளும் வீட்டிலேயே கிடந்தவர்கள். புங்கமரத்தில் தூளிகள் கூடின. எனக்கு விடுதலை கிடைத்தது. விசித்திரம், அப்போது அழுதேன். தூளியில் தூங்கப் பழகியிருந்தேன்.

பள்ளி திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அத்தைக்குக் கூலி ஏறியது. ஆயுளில் அவள் பெயரில் வந்த முதல் கூலி. தார் சுற்றிய கூலியெல்லாம் மாமாவின் கைக்குத்தான் போயிருந்தது. அத்தை தனியாகப் பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போய் எனக்கு ஒரு கவுன் வாங்கி வந்தாள். ரோஸ் கலர், கழுத்தில் சரிகை வைத்தது. ஆசையாகப் போட்டுப் பார்த்தேன். கணுக்காலைத் தாண்டித் தொங்கியது, தோள் இரண்டும் இறங்கி நின்றன. அத்தனை நாளும் நான்கு வயதுக் கவுனில் மூச்சு முட்டிக் கிடந்தவளுக்குக் கடைசியில் ஒன்பது வயதுக் கவுன். என் வயதுக்கு ஒரு கவுன் வாங்க இந்த வீட்டில் யாருக்கும் தெரியாதா என்று உதட்டைப் பிதுக்கினேன்.

அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து, என்னைத் திருப்பி நிறுத்தி, கவுனின் அடிமடிப்பைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடம் இல்லை, என் தலைக்கு மேலே அத்தையைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ வாங்கனது சரிதாம்மா. அடுத்த வருஷத்துக்கும் ஆவும். அப்ப நீயே மடிப்பப் பிரிச்சி வுடு."

அத்தை, "சரி அண்ணி" என்றாள். அப்புறம் கதவுப் பக்கம் திரும்பி நின்று வெகுநேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குக் கவுன் பெரிதாக இருந்தது மட்டும்தான் தெரிந்தது. அன்று ராத்திரி என்னிடம் யாரும் எதையும் சொல்லி அனுப்பவில்லை என்று கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே படுத்துவிட்டேன்.